எட்டு மாதம் ஓடாத 44 அங்குல பிரிண்டரை வீட்டுக்கு வாங்கலாமா?

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 43. அப்பா செவ்வாய்ப்பேட்டையில் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். சின்ன வயதில் இருட்டறையில் அப்பாவுக்குத் துணையாக நின்று பிரிண்ட் கழுவியிருக்கிறார். அந்த ஸ்டுடியோ இப்போது இல்லை. கணவர் வங்கியில் வேலை பார்க்கிறார். மாமனார் வழியில் ஏற்காட்டில் ஒரு சிறிய காபித் தோட்டமும் ஓட்டு வீடும் இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் குடும்பத்தோடு போய் வருகிறார்கள். அங்கே அவர் எடுத்த படங்களை, பூத்திருக்கும் காபிச் செடிகள், பனி இறங்கிய ஏரி, தோட்டத்துக்குள் வந்து நிற்கும் காட்டெருமை என்று, பார்த்த இரண்டு மூன்று விடுதிக்காரர்கள் பெரிய ஃபிரேமாகப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மாதம் ஏழெட்டு படங்கள், பெரும்பாலும் 24க்கு 36 அங்குலம், போகும் என்பது அவர் கணக்கு.

இந்த நேரத்தில் பெங்களூருவில் மூடப்போகிற ஒரு பிரிண்டிங் லேபில் 44 அங்குல அகலம் வரை பிரிண்ட் போடும் போட்டோ பிரிண்டர் ஒன்று 1,70,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. 11 கார்ட்ரிட்ஜ் கொண்டது. எட்டு மாதமாக ஓட்டவில்லை. அதனால் தேய்மானம் குறைவு, புதுசு மாதிரி இருக்கும் என்று விற்பவர் சொல்கிறார். நம் வாசகி 20,000 ரூபாய் அட்வான்ஸும் அனுப்பிவிட்டார், போன் வழியாக, ரசீது எதுவும் இல்லாமல். கணவருக்கு இதில் விருப்பமில்லை. வீட்டில் இருக்கும் மாமனாருக்கு மூச்சிரைப்பு உண்டு. மெஷினைச் சேலம் வீட்டின் இரண்டாம் மாடியில் வைப்பதா, குளிர்ச்சியான ஏற்காட்டு வீட்டில் வைப்பதா? மற்ற கம்பெனி இங்க் ஊற்றிச் செலவைப் பாதியாக்கலாமா? ஓய்வு நேரத்தில் கல்யாண பேனர், ஃபிளெக்ஸ் அடித்து முதலை எடுத்துவிடலாமா? வேண்டாம் என்றால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா? இவைதான் அவர் கேள்விகள்.

சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தன் படத்தைத் தானே பிரிண்ட் போடவேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. கணினித் திரையில் பார்த்த படம் நல்ல காட்டன் காகிதத்தில் இரண்டடி அகலத்துக்கு விரியும்போது, நிழலுக்குள் என்ன இருந்தது என்று அப்போதுதான் தெரியும். லேபுக்கு அனுப்பி வாங்குகிறவர்களுக்கு அந்தப் பாடம் பாதிதான் கிடைக்கும். இருட்டறையில் நின்ற கைக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். ஆகவே பிரிண்டரே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த பிரிண்டர், இந்த அளவு வேலைக்கு, வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். உங்கள் கணவரின் தயக்கத்தை ஆசைக்கு முட்டுக்கட்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காரணங்களை அவர் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் அவர் பயப்படும் இடம் சரியான இடம்தான்.

ஓடாத மெஷின் புது மெஷின் ஆகாது

நீங்கள் நம்பியிருக்கும் முக்கியமான விஷயம் இதுதான்: எட்டு மாதம் ஓடவில்லை, அதனால் தேயவில்லை. இங்க்ஜெட் பிரிண்டரில் இது அப்படியே தலைகீழ். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்தான் நல்ல மெஷின்.

காரணம் இங்க். போட்டோ பிரிண்டர்களில் இருப்பது பிக்மென்ட் இங்க். தண்ணீரில் மிகச் சன்னமான நிறத்துகள்கள் மிதந்துகொண்டிருக்கும். அது ஹெட் என்ற பாகத்தில் இருக்கும் நாசில்கள், அதாவது முடியைவிட மெல்லிய துளைகள், வழியாக வெளியே வரவேண்டும். மெஷின் சும்மா நிற்கும்போது ஹெட் ஒரு ரப்பர் கேப்பின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்தக் கேப் காற்றுப் புகாமல் மூடினால்தான் நாசில் முனையில் இங்க் ஈரமாக நிற்கும். மாதக்கணக்கில் நின்றால் கேப்பைச் சுற்றி இங்க் பிசினாகக் காயும், மூடல் இறுக்கம் இழக்கும், நாசில் ஒவ்வொன்றாக அடைக்கும். குழாய்களுக்குள் துகள்கள் கீழே படியும். ஹெட்டுக்கு முன்னால் டம்பர் என்று சிறிய வடிகட்டி அறைகள் இருக்கும், அவையும் அடைபடும்.

இதில் உங்கள் மெஷின் எந்த ரகம் என்பது முக்கியம். எப்சன் பெரிய பிரிண்டர்களில் பீசோ ஹெட் இருக்கும். மின்சாரம் கொடுத்தால் வளைகிற படிகம் இங்க்கைத் தள்ளும். அந்த ஹெட் மெஷினின் ஆயுள் முழுக்க உழைப்பதற்காகச் செய்யப்பட்டது. போய்விட்டால் டெக்னீஷியன் வந்து பிரித்துத்தான் மாற்றவேண்டும், பழைய மெஷினில் அந்தச் செலவு சில சமயம் மெஷின் விலையையே தொட்டுவிடும். கேனான், எச்பி மெஷின்களில் இருப்பது வெப்ப ஹெட். நொடிக்குள் இங்க்கைச் சூடாக்கிக் குமிழி உண்டாக்கி வெளியே தள்ளும். அது தேயும். ஆனால் தேயும் என்று தெரிந்தே செய்ததால், வாங்குகிறவரே கழற்றி மாட்டிக்கொள்ளலாம். கேனான் ப்ரோ-2000, ப்ரோ-4000 மாடல்களில் 12 இங்க்குக்கும் சேர்த்து ஒரே ஹெட்தான். எச்பி இசட்3200 மாடலில் இரண்டு நிறத்துக்கு ஒன்று என்று ஆறு ஹெட். எந்த ரகம் உயர்ந்தது என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. இரண்டிலும் அற்புதமான பிரிண்ட் வரும். வீட்டில் தனியாக வைத்துப் பராமரிக்கிற ஒருவருக்கு, கெட்டால் தானே மாற்றக்கூடிய ஹெட் நிம்மதி தரும் என்பது மட்டும் என் கருத்து.

நீங்கள் சொல்கிற 11 கார்ட்ரிட்ஜ் கணக்கைப் பார்த்தால், அது பழைய எப்சன் மெஷினாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் எட்டு மாத ஓய்வு என்பது விலையைக் கூட்டும் தகுதி ஆகாது. விலையைக் குறைக்கவேண்டிய குறை அது.

இங்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மாதம் எட்டு படம் என்றே வைத்துக்கொள்வோம். 24க்கு 36 என்றால் ஆறு சதுர அடி. மாதத்துக்கு 48, வருடத்துக்கு 576 சதுர அடி. போட்டோ பிரிண்டில் சதுர அடிக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லி இங்க் போகும் என்பது நான் வேலையில் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் வருடம் முழுக்க உங்களுக்குத் தேவை எல்லா நிறமும் சேர்த்து 600 முதல் 850 மில்லி வரைதான்.

இப்போது மெஷின் பக்கம் பாருங்கள். அந்த ரகத்தில் ஆகச் சிறிய கார்ட்ரிட்ஜ் 150 மில்லி. பதினொன்றும் சேர்ந்தால் 1,650 மில்லி. கார்ட்ரிட்ஜை மாட்டியபின் ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள் என்று எப்சன் சொல்கிறது. உங்களுக்கோ அது தீர இரண்டு வருடம் ஆகும். லேபிலிருந்து மெஷினோடு வரும் 700 மில்லி கார்ட்ரிட்ஜ்களை "பாதிக்கு மேல் இங்க் இருக்கிறது, இலவசம்" என்று சொல்லித் தருவார்கள். அந்த இங்க் எப்போது மாட்டியது, காலாவதித் தேதி என்ன என்று கேளுங்கள். பழைய இங்க்கை இலவசமாக வாங்கி ஹெட்டை அடைத்துக்கொள்வதில் லாபம் இல்லை.

அந்த இரண்டு வருடத்தில் இங்க் முழுவதும் காகிதத்துக்குப் போகாது. ஓடாமல் நிற்கும் மெஷின் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அடிக்கடி இங்க் இழுத்து வேஸ்ட் டேங்க் என்ற கழிவுத் தொட்டியில் கொட்டும். குறைவாகப் பிரிண்ட் போடும் வீடுகளில், காகிதத்துக்குப் போகும் அளவுக்கு நிகராக டேங்குக்கும் போவது புதிதல்ல. அப்புறம் பழைய மாடல்களில் பளபளப்புக் காகிதத்துக்கு ஒரு கறுப்பு, மேட் காகிதத்துக்கு இன்னொரு கறுப்பு. இரண்டும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்ளும். மாற்றும்போதெல்லாம் குழாயில் இருக்கும் இங்க் வெளியே போகும். நீங்கள் மேட் ரகமான காட்டன் காகிதத்திலும் பளபளப்பு ரகமான பரைட்டா காகிதத்திலும் மாறி மாறிப் போட ஆசைப்பட்டால் இதுவும் ஒரு தொடர் செலவு.

மற்ற கம்பெனி இங்க் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஊற்றலாம், மெஷின் ஓடும். நாள் முழுக்க ஓடும் கடைகளில் பலர் ஊற்றுகிறார்கள். அவர்களுக்கு நிற்க நேரமில்லை, அடைப்பதற்கு முன் அடுத்த ரோல் வந்துவிடும். உங்கள் நிலை வேறு. இரண்டு தடைகள் இருக்கின்றன. முதலாவது, அந்த இங்க்குக்கு வண்ணக் கணக்கு வேறு. ஒவ்வொரு காகிதத்துக்கும் புதிதாக ப்ரொஃபைல், அதாவது அந்த இங்க்கும் காகிதமும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று கணினிக்குச் சொல்லும் ஃபைல், எடுக்காவிட்டால் ஏற்காட்டுப் பச்சை மஞ்சளாகவோ நீலமாகவோ சாயும். இரண்டாவது எனக்கு இன்னும் பெரிது. விடுதிக்காரர் உங்களிடம் பணம் கொடுத்து வாங்கும் படம் சுவரில் வருடக்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கும் என்று நம்பி வாங்குகிறார். அசல் பிக்மென்ட் இங்க்கும் நல்ல காகிதமும் சேர்ந்த ஜோடிகளை வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் போன்ற அமைப்புகள் வெளிச்சத்தில் வைத்துச் சோதித்திருக்கின்றன. பெயர் தெரியாத இங்க்குக்கு அப்படி எந்தச் சோதனையும் கிடையாது. உங்கள் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு விற்கிற படத்தில் அந்த ஆபத்து வேண்டாம்.

சேலமா, ஏற்காடா

"ஏற்காடு குளிர்ச்சி, மெஷினுக்கு நல்லது" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. பிரிண்டருக்கு வெப்பம், ஈரப்பதம் என்று இரண்டு கணக்கு உண்டு, இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும்.

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 38, 39 டிகிரி சாதாரணம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் இரண்டாம் மாடி அறை மாலையில் அடுப்படியாகக் கொதிக்கும். பெரிய பிரிண்டர்கள் பலவற்றுக்கும் 30 முதல் 35 டிகிரிதான் மேல் எல்லை. அந்த வறண்ட சூட்டில் நாசில் சீக்கிரம் காயும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சூடு பிரச்சினை இல்லை. காற்றில் ஈரம் இருப்பதால் ஹெட்டும் அவ்வளவு எளிதில் காயாது. ஆனால் காகிதத்துக்கு அந்த ஈரம் பகை. மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே பனி புகுந்து துணி காயாத நாட்கள் உங்களுக்குத் தெரியும். காட்டன் காகிதம் அந்த ஈரத்தை உறிஞ்சி ஓரம் வளைந்து எழும்பும். எழும்பிய ஓரத்தில் ஹெட் உரசும். ஒரு உரசலில் படம் வீண், ஹெட்டுக்கும் அடி. இங்க் காய நேரமெடுக்கும். மூடாமல் வைத்த ரோல் பூசணம் பிடிக்கும். நல்ல பிரிண்டுக்கு ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். மலையில் அதைப் பிடித்து வைக்க ஈரம் உறிஞ்சும் மெஷின் தனியாக ஓடவேண்டும்.

மழையில் மரக்கிளை விழுந்து கரண்ட் போவதும் உண்டு. பிரிண்ட் நடுவில் கரண்ட் போனால் ஹெட் கேப்புக்குத் திரும்பாமல் பாதி வழியில் திறந்தபடி நிற்கும். யாரும் இல்லாத வீட்டில் திங்கள் முதல் வெள்ளி வரை அப்படியே நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஆக, எனக்கு இந்தக் கேள்வி தட்பவெப்பக் கேள்வியே இல்லை. நீங்கள் தினம் எங்கே தூங்கி எழுகிறீர்களோ அங்கேதான் பிரிண்டர் இருக்கவேண்டும். வாரம் ஒருமுறையாவது ஒருவர் போய் அதைத் தொடவேண்டும். அது சேலம்தான். இரண்டாம் மாடி மட்டும் வேண்டாம். 44 அங்குல மெஷின் ஸ்டாண்டோடு நூறு கிலோவைத் தாண்டும், ஆறடி நீளம் இருக்கும். படிக்கட்டு திரும்பும் இடத்தில் அதைச் சாய்க்காமல் தூக்க முடியாது, இங்க் நிரம்பிய மெஷினைச் சாய்க்கக் கூடாது. தரைத்தளத்தில், வெயில் நேரடியாகப் படாத, ஏசி உள்ள ஒரு அறை போதும்.

கரண்ட் பில்லைப் பற்றி அதிகம் பயந்திருக்கிறீர்கள், மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டுமா என்றும் கேட்கிறீர்கள். வேண்டாம். இந்த ரக பிரிண்டர்கள் ஓடும்போதே நூறு வாட் அளவில்தான் எடுக்கும். ஏசிதான் செலவு. நல்ல சைன் வேவ் யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வையுங்கள், கரண்ட் போனாலும் ஹெட் தன் இடத்துக்குத் திரும்ப அது போதும். ஆனால் விற்பனை தொடர்ந்து நடக்கத் தொடங்கினால் உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வீட்டு இணைப்பை வேறு பயன்பாட்டுக்கு வைத்தால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் போட இடமிருக்கிறது. கேட்டுக்கொண்டு செய்தால் சின்ன விஷயம்.

ஃபிளெக்ஸ் வேண்டாம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் வாங்க நினைக்கும் மெஷின் தண்ணீர் அடிப்படையிலான இங்க்கில் ஓடுவது. ஃபிளெக்ஸ் பேனர் அடிப்பது, ரசாயனக் கரைப்பான் கலந்த சால்வென்ட் இங்க்கில் ஓடும் வேறு மெஷின். இதில் ஃபிளெக்ஸைக் கொடுத்தால் இங்க் ஒட்டாது, வழிந்து ஹெட்டைக் கெடுக்கும். சால்வென்ட் மெஷினே வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். மூச்சிரைப்பு உள்ள பெரியவர் இருக்கும் வீட்டுக்குள் அந்த வாடையைக் கொண்டுவரவே கூடாது. அது கடைக்கான தொழில், காற்றோட்டமும் வெளியேற்றும் விசிறியும் வேண்டிய தொழில்.

அப்படியானால் என்ன செய்யலாம்

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் ஆறு மாதம் எந்தப் பெரிய மெஷினும் வாங்கமாட்டேன். 24க்கு 36 ஆர்டர்களை பிக்மென்ட் பிரிண்ட் போடும் ஒரு நல்ல லேபுக்கு, சென்னையோ பெங்களூருவோ, அனுப்பி வாங்குவேன். அவர்களிடமே காகிதத்தின் பெயர் கேட்டு, அதன் ப்ரொஃபைலை வாங்கி, என் திரையில் முன்கூட்டிப் பார்த்துக்கொள்வேன். திரையை அளவிட்டுச் சரிசெய்யும் கருவி ஒன்றை மட்டும் வாங்குவேன். அளவிடாத திரையை வைத்துக்கொண்டு எந்த பிரிண்டர் வாங்கினாலும், "திரையில் வெளிச்சமாக இருந்தது, பிரிண்டில் இருட்டிவிட்டது" என்ற புலம்பல்தான் மிஞ்சும். அந்த ஆறு மாதத்தில் விடுதிகள் உண்மையில் எத்தனை படம் வாங்குகின்றன என்று தெரிந்துவிடும். கேட்கிறவர்கள் எல்லாரும் வாங்குவதில்லை, இது உங்களுக்கும் தெரியும்.

கையால் செய்யாமல் மனசு ஆறாது என்றால், அதையும் நான் மதிக்கிறேன், 17 அங்குல மேசை பிரிண்டர் ஒன்று வாங்குங்கள். கேனான் ப்ரோ-1000, எப்சன் பி900 ரகங்கள். முதலாவதில் 80 மில்லி, இரண்டாவதில் 50 மில்லி கார்ட்ரிட்ஜ். உங்கள் வேகத்துக்கு, 44 அங்குல மெஷினைவிட இதில் இங்க் சீக்கிரம் தீரும். 16க்கு 24 வரை வீட்டிலேயே போடலாம். எப்சனில் ரோல் மாட்டும் துணைக்கருவியும் உண்டு. பெரிய படத்துக்கு வண்ணம் சரிபார்க்கும் மாதிரியை இதில் எடுத்துக்கொண்டு, முழு அளவை மட்டும் லேபுக்கு அனுப்பலாம். அப்பாவோடு நீங்கள் செய்த டெஸ்ட் ஸ்ட்ரிப் வேலைதான், முழுப் பிரிண்டுக்கு முன் சிறு துண்டில் சோதித்துப் பார்க்கும் வேலைதான், இது, ரசாயனம் மட்டும் இல்லை.

ஆர்டர் நிலையாக மாதம் இருபது இருபத்தைந்து பெரிய படம் என்று வந்தால், அப்போது 24 அங்குல மெஷின், புதிதாக, வாரண்டியோடு, நீங்களே ஹெட் மாற்றக்கூடிய ரகம். 24 அங்குல ரோலில் 24க்கு 36 மட்டுமல்ல, 24க்கு 72 நீளப் படமும் வரும். 44 அங்குலம் உங்களுக்குத் தேவைப்படும் நாள் வந்தால் நான் மகிழ்வேன். இப்போது அதற்கு வேலை இல்லை.

எந்த மெஷின் வாங்கினாலும் பழகவேண்டியவை

பிரிண்டரைச் சுவர் சுவிட்சில் அணைக்காதீர்கள். சேமிப்பு என்று நினைத்துப் பலர் இதைச் செய்கிறார்கள், நீங்களும் அப்பா ஸ்டுடியோ பழக்கத்தில் இரவு மெயினை அணைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மெஷினின் சொந்தப் பட்டனை அழுத்தி அணைத்தால்தான் ஹெட் கேப்பில் சரியாக உட்காரும். பல மெஷின்கள், முக்கியமாக வெப்ப ஹெட் உள்ளவை, மின் இணைப்பில் இருந்தால் அவ்வப்போது தானே கொஞ்சம் இங்க் தள்ளி நாசிலைப் பாதுகாத்துக்கொள்ளும். ஓய்வு நிலையில் விட்டுவிடுவதே நல்லது.

வாரம் ஒருநாள் வைத்துக்கொள்ளுங்கள். நாசில் செக், அதாவது எல்லா நாசிலும் இங்க் விடுகிறதா என்று கோடுகளாகக் காட்டும் சோதனைப் பிரிண்ட், எடுத்து, எல்லா நிறமும் வரும் ஒரு ஏ4 படம் போடுங்கள். நாசில் செக் தாளில் தேதி எழுதி ஒரு ஃபைலில் சேருங்கள். கோடு எந்த நிறத்தில் எப்போது விட்டுப்போக ஆரம்பித்தது என்பது டெக்னீஷியனுக்கு நோயாளியின் பழைய ரிப்போர்ட் மாதிரி உதவும்.

கோடு விட்டுப்போனால் கிளீனிங் பட்டனை விடாமல் அழுத்தாதீர்கள். மக்கள் செய்யும் ஆகப் பெரிய தவறு இதுதான். இரண்டு தடவை கிளீனிங் கொடுத்தும் வராவிட்டால் நிறுத்துங்கள், இரவு முழுக்க விடுங்கள். பல சமயம் அது அடைப்பே இல்லை, காற்றுக் குமிழி. விட்டால் அடங்கும். திரும்பத் திரும்ப உறிஞ்சினால் இன்னும் காற்று உள்ளே வரும், இங்க்கும் காலி. யூடியூபில் பார்த்து வெந்நீர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் என்று எதையும் ஹெட்டில் ஊற்றவேண்டாம். கேப்பின் ரப்பர் விளிம்பையும் ஹெட்டைத் துடைக்கும் வைப்பர் பிளேடையும் மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த, நூல் உதிராத பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்தால், பாதி ஹெட் பிரச்சினை வராமலே போகும்.

ரோலை வேலை முடிந்ததும் அதன் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல்லோடு திரும்ப வையுங்கள். ஏற்காட்டிலிருந்து காகிதம் எதையாவது கொண்டுவந்தால் ஒருநாள் அறையில் கிடந்த பிறகு மாட்டுங்கள். வேஸ்ட் டேங்க் நிறைந்தால் புதிதாக மாற்றுங்கள், கழுவித் திரும்பப் போடாதீர்கள், இங்க்கைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

அட்வான்ஸ் விஷயம்

விற்பவருக்கு இன்றே எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதும். எந்தத் தேதியில் எவ்வளவு அனுப்பினீர்கள், எந்த மாடல், மெஷின் நல்ல நிலையில் இருக்கிறது என்று அவர் சொன்னது, நேரில் சோதித்த பிறகே பேரம் முடியும் என்பது, இவை எல்லாம் அதில் இருக்கட்டும். அவர் "சரி" என்று பதில் போட்டாலே உங்கள் கையில் ஒரு ஆதாரம் வந்துவிடும். மெஷின் சொன்னபடி இல்லை என்றால் முழுப் பணத்தையும் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. மெஷின் நன்றாக இருந்தும் நீங்களாக மனம் மாறினால், அவர் தனக்கு உண்டான நியாயமான நஷ்டத்தைப் பிடிக்கப் பார்க்கலாம். அதனால் நேராகப் பேசிக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடிப்பதே நல்லது. 1,70,000 ரூபாயும் அதன் பின்னால் வரும் இங்க் செலவும் மிச்சம் என்று பார்த்தால், அட்வான்ஸில் ஒரு பகுதி போனாலும் நீங்கள் நஷ்டப்படவில்லை.

நுகர்வோர் ஆணையம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, அதாவது சேலம் மாவட்ட ஆணையத்திலேயே, புகார் கொடுக்கலாம். இரண்டு வருடம் அவகாசம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. சிக்கல் எங்கே என்றால், வணிகத்துக்காக வாங்கியவர் அந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. நீங்கள் அதில் வருவீர்களா என்பதிலும், மூடும் லேப் தன் பழைய மெஷினை விற்பது எந்தக் கணக்கில் வரும் என்பதிலும் வாதம் வரும். அந்த அளவுக்குப் போனால் வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் நேரில் போய்ப் பார்க்கத்தான் போகிறேன் என்றால், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வருவதற்கு முன் கிளீனிங் எதுவும் கொடுக்கவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவைத்து, போனதும் முதலில் நாசில் செக் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கிளீனிங், மறுபடி நாசில் செக். அடுத்து ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக அடர்த்தியாக நிரப்பிய பட்டைகள் ஒரு தாளில். அப்புறம் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வந்து, கிளீனிங் கொடுக்காமல் இன்னொரு நாசில் செக். டம்பரிலோ கேப்பிலோ காற்றுக் கசிந்தால் அந்தக் கடைசித் தாள்தான் காட்டிக்கொடுக்கும். மெஷினின் நிலவர அறிக்கையையும் பிரிண்ட் போட்டு வாங்குங்கள். உங்கள் கணினிக்கு அந்த மாடலின் டிரைவர் இன்னும் கிடைக்கிறதா, உதிரிபாகம் இன்னும் வருகிறதா, சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், வருகைக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துவருவதாக இருந்தால் ஹெட்டைப் பூட்டி, மெஷினைக் கிடைமட்டமாகக் கட்டவேண்டும். தொப்பூர் இறக்கத்தில் லாரி பிரேக் பிடிக்கும்போது அது நகரக் கூடாது. விற்பவர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால், 50,000 ரூபாய்க்கு மேல் மாநிலம் தாண்டி வரும் சரக்கு என்பதால் பில்லோடு இ-வே பில்லும் அவர் எடுத்துத் தரவேண்டும்.

மூன்று நாசில் செக் தாள்களையும் வரிசை எழுதி, நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். மீதிப் பணத்தை அதுவரை கொடுக்காதீர்கள்.